பரிசளிப்பு விழாவை நவம்பர் மழைக்குள் வைக்கலாமா? தனியார் பாடசாலை ஒன்றின் நிகழ்ச்சி நாள்கள் பற்றி ஆலோசனை தேவை

கேள்வி: பெற்றோர் குழுச் செயலாளர், கல்லடி (2026 ஜூலை)

அனைவருக்கும் வணக்கம்.

கல்லடிப் பக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய தனியார் பாடசாலையின் பெற்றோர் குழுவுக்கு இவ்வாண்டு நான் செயலாளராக இருக்கிறேன். எமது பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகளும், காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடக்காமலே வந்துசேரக்கூடிய தூரத்தில் இருப்பதால் முஸ்லிம் பிள்ளைகளும், ஏறக்குறைய சம அளவில் படிக்கிறார்கள். ஆண்டின் எஞ்சிய பகுதிக்கான நிகழ்ச்சி நிரல் கடந்த வாரம் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அதில் பரிசளிப்பு விழா நவம்பர் 21, சனிக்கிழமை, பிற்பகல் 3 மணிக்குப் பாடசாலை முற்றத்தில் நடைபெறும் என்றிருந்தது. முற்றம் என்பது கூரையற்ற வெறும் மணல்தரை. தகரப் பந்தல் போடுவார்களாம். கார்த்திகை மாதத்தில், மட்டக்களப்பில், தகரப் பந்தலுக்குக் கீழே ஒலிபெருக்கியில் பேசுவதை யார் கேட்பது என்று ஒருவர் எழுதினார். எழுபது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

இவ்வாண்டு நடந்தவற்றைப் பார்த்ததனால்தான் இது என்னை உறுத்துகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி மார்ச் முதல் வாரத்தில், நோன்பு மாதத்தின் நடுவில் நடந்தது. எட்டரைக்குத் தொடங்க வேண்டிய அணிநடை, பிரதம விருந்தினர் தாமதித்ததால் பத்து மணிக்குத்தான் தொடங்கியது. அந்த வெயிலில் அணிவகுத்து நின்ற பிள்ளைகளில் இருவர் மயங்கி விழுந்தார்கள். என் மகள் தரம் 5இல் படிக்கிறாள். அவள் தேசிக்காயும் கரண்டியும் ஓடும்போது, அவளுடைய நெருங்கிய தோழி முடிவுக்கோட்டில் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை நோன்பு பிடித்திருந்தது. ஆசிரியை ஒருவர் அறியாமல் தோடம்பழத் துண்டை நீட்ட, அது தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டது. சென்ற ஆண்டு அதே ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை அது.

கல்விச் சுற்றுலாவும் அப்படியே. ஹஜ்ஜுப் பெருநாள் வந்த அதே வாரத்தில், கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்த நாள்களில், இங்கினியாகலைக்குப் பேருந்து புறப்பட்டது. அரைவாசி இருக்கைகள் வெறுமை. கட்டிய பணம் திரும்பவில்லை.

இனி வரவிருப்பவை: ஜூலை 19 சுவாமி விபுலானந்தர் நினைவு நாள் ஞாயிறாக வருவதால், மறுநாள் பிள்ளைகளைச் சிவானந்தா வித்தியாலய வளாகத்திலுள்ள அவருடைய சமாதிக்கு அழைத்துச் செல்கிறார்கள்; அதில் குறையில்லை. விஞ்ஞானக் கண்காட்சி ஓகஸ்ட் 12. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், பிறகு வாணி விழா, நவம்பரில் பரிசளிப்பு, டிசம்பரில் ஒளிவிழா.

என் கேள்வி இரண்டு. பரிசளிப்பு விழாவுக்கு இப்பகுதியில் பொருத்தமான காலம் எது? நாள்களை மாற்றும்படி கேட்கும் இடம் பெற்றோருக்கு உண்டா, அல்லது கல்வி அமைச்சின் நாட்காட்டியைக் காட்டி எம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

வணக்கம் தம்பி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது சுருக்கமானது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. மட்டக்களப்பின் பழைய பெரிய கல்லூரிகள் பலவும் அந்த வழியே அரச பாடசாலைகள் ஆனவைதாம். கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் இன்றைய ஆங்கிலமொழிப் பாடசாலைகளில் பெரும்பாலானவையோ கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டவை. அமைச்சின் தவணை நாட்காட்டி அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. உங்கள் பாடசாலையும் அவ்வாறு பதிவானதென்றால், நாள் குறிப்பது முழுக்க முழுக்க நிர்வாகத்தின் விருப்பம். ஆகவே மாற்றுவதும் அவர்களால் இயலும். யாராவது அமைச்சைக் காட்டினால், எந்தச் சுற்றறிக்கை என்று பணிவாகக் கேளுங்கள்.

இனி நவம்பர் 21. கொழும்பில் இருந்துகொண்டு நாட்காட்டி எழுதுபவர்களுக்கு மழை என்றால் மே மாதமும் ஜூன் மாதமும்தான். எமக்கு மழை வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசியில் பிற்பகல் இடிமழையாகத் தலைகாட்டி, கார்த்திகை, மார்கழியில் நின்று பெய்து, தைப் பொங்கலுக்குப் பிறகுதான் விடும். ஆண்டு முழுவதும் எமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் வந்து முடிந்துவிடுகிறது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தபோது நான் பதினாறு வயது மாணவன். விடியக் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது: தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருந்தன, எங்கள் பாடசாலைக் கூரைத் தகடுகள் வயலுக்குள் குத்திட்டு நின்றன. கடந்த ஆண்டு டித்வா புயல் வந்ததும் நவம்பர் கடைசி வாரத்தில்தான். நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். எல்லா ஆண்டும் புயல் வராது. ஆனால் புயல் வராத ஆண்டிலும் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்பு வீதி அடைபட்டுவிடும், நீங்கள் அழைத்த பிரதம விருந்தினர் பொலன்னறுவையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

செப்டம்பரைக் கேளுங்கள். கச்சான் காற்றின் கடுமை அப்போது தணிந்திருக்கும். (கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைப்பவர்களுக்கு: நான் சொல்வது மேற்கிலிருந்து வயலையும் மணலையும் சுட்டுக்கொண்டு வரும் காற்று.) பிற்பகல் நான்கு மணிக்குக் கடற்காற்று முற்றத்துக்கு வரும்; பந்தலே தேவைப்படாது. செப்டம்பர் 26 சனிக்கிழமை நல்ல நாளாகத் தெரிகிறது.

இன்னொரு பயனும் உண்டு. பரிசளிப்பு விழாக்களில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை நான் குறை சொல்லப்போவதில்லை. மூன்று நாளில் பழகக்கூடியது அதுதான் என்பதால் ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்போதே நாள் தெரிந்தால் எமது மரபுக் கூத்து வகையான வடமோடியில் அரை மணி நேரத் துண்டொன்றைப் பழக்கலாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரை அழைத்துச் சட்டம் கொடுத்து (அதாவது பிள்ளைகளுக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து), தாளக்கட்டு காலில் ஏறுவதற்கே எட்டு வாரம் வேண்டும். ஜூலையில் தொடங்கினால் செப்டம்பரில் மேடையேறும். உங்களுக்கு மிக அருகில் கல்லடியிலேயே சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; அங்கு பயிலும் மாணவர்களிடம் உதவி கேட்டால் முகம் திருப்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 12 விஞ்ஞானக் கண்காட்சியையும் பாருங்கள். அன்று ஆடி அமாவாசை, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம். பட்டணமே அங்கேதான் இருக்கும்.

பதில் 2: ஒரு தாய், காத்தான்குடி

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

கயிறு பிடித்த பிள்ளையின் தாய் நான் அல்லேன். ஆனால் அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த வயதில் நோன்பு கடமையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பாவிட்டால் அழுகிற வயது அது. விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் இரவு, நாளைக்கு மட்டும் விடு மகன் என்று கேட்டேன். கூட்டாளிமார் எல்லோரும் பிடிக்கிறார்கள் என்றான். காலையில் இல்லச் சட்டையை உடுத்திக்கொண்டு போய், நாள் முழுவதும் கூடாரத்துக்குள் இருந்துவிட்டு வந்தான். எங்கள் இல்லத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டதற்கு அவனுக்குத் தெரியவில்லை.

பாடசாலை வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இது இவ்வாண்டோடு முடியும் பிரச்சினை அன்று என்பதை நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். நோன்பு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. 2027இல் பெப்ரவரி இரண்டாம் வார அளவில் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை இருக்கும். 2028இல் ஜனவரி இறுதியிலிருந்து பெப்ரவரி இறுதி வரை. பிறை ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதாவது அடுத்த ஆண்டு மார்ச் முதல் வாரம் மீண்டும் நோன்புக்குள்தான் விழும். 2028இல் அதே வாரம் பெருநாள் முடிந்த கையோடு வரும், அப்போது சிக்கலில்லை. ஆகவே கேட்பது அடுத்த ஓர் ஆண்டுக்கான மாற்றம் மட்டும்.

ஜனவரியில் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரியில் மைதானத்தில் தவளை கத்தும். தகுதிகாண் ஓட்டங்களையெல்லாம் ஜூன் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு பிற்பகல்களாக வைத்து முடித்துவிட்டு, இறுதிப் போட்டிகளை மட்டும் ஒரு நாள் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தால் வெயிலுக்கும் பதில் கிடைக்கும். அணிநடையைப் பிரதம விருந்தினருக்காகக் காத்திருக்க வைப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

காரைதீவு ஆசிரியர் குறிப்பிட்ட செப்டம்பர் 26 பினர பௌர்ணமி தினம். அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. சென்ற ஆண்டு விழாவில் கோழி புரியாணிப் பொதி கொடுத்தார்கள். இம்முறை முட்டையும் சம்பலும் என்றால் பிள்ளைகள் யாரைத் திட்டுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பதில் 3: இன்னொரு பெற்றோர், ஆரையம்பதி

எல்லோரும் மழையையும் வெயிலையும் பேசுகிறீர்கள், பரிசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆண்டிறுதிப் பரீட்சை நடப்பது நவம்பர் முற்பகுதியில். செப்டம்பரில் விழா வைத்தால் எந்தப் புள்ளிகளின்படி பரிசு கொடுப்பது? நவம்பர் 21ஐ நிர்வாகம் தெரிவு செய்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். மேலும், இலண்டன் பாடத்திட்டத்தில் சாதாரண தரம் எழுதும் மூத்த பிள்ளைகளில் சிலருக்கு ஒக்டோபரில் பரீட்சை தொடங்குகிறது. செப்டம்பர் முழுவதும் கூத்துப் பழகினால் அவர்கள் நிலை என்ன? முற்றத்தில் வைப்பதுதான் சிக்கலென்றால் நவம்பரிலேயே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாம்.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

பௌர்ணமியைக் கவனிக்காதது என் பிழை, சகோதரிக்கு நன்றி. அப்படியானால் செப்டம்பர் 19. அன்று முதலாவது புரட்டாதிச் சனி, காலையில் பலர் எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போவார்கள். விழா பிற்பகலில் என்பதால் தடையில்லை.

ஆரையம்பதி நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நான் கற்பித்த பாடசாலைகளில் பரிசளிப்பு விழா என்றாலே முந்திய ஆண்டுப் பெறுபேறுகளுக்குத்தான். தரம் 5 பிள்ளை தரம் 4இல் எடுத்த முதலாம் இடத்துக்குப் பரிசு வாங்கும். அதனால் மகிழ்ச்சி குறைந்ததை நான் கண்டதில்லை. இவ்வாண்டு மட்டும் சென்ற நவம்பரில் கொடுத்த பரிசையே மீண்டும் கொடுப்பதாக முடியுமே என்று கேட்பீர்கள். இவ்வாண்டின் முதல் இரண்டு தவணைப் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து முழு ஆண்டுக்கு மாறலாம். மண்டபம் மழைக்குப் பதில் சொல்லும், வீதி வெள்ளத்துக்குப் பதில் சொல்லாது. முச்சக்கரவண்டியில் வரும் தாய்மாரை நினையுங்கள். பரீட்சை எழுதும் மூத்த மாணவர்களைக் கூத்தில் சேர்க்க வேண்டாம்; தரம் 6 முதல் 8 வரை போதும், அந்த வயதுக் கால்களுக்குத்தான் ஆட்டம் இலகுவில் படியும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இப்பதில்களை அச்செடுத்துக்கொண்டு நேற்று அதிபரைச் சந்தித்தோம். நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு எதிர்ப்பு இருக்கவில்லை. நவம்பர் 21ஐ எவரும் யோசித்துக் குறித்ததாகவே தெரியவில்லை. கடந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் ஆண்டை மட்டும் மாற்றிக் கிழமையைச் சரிசெய்திருக்கிறார்கள். பரிசளிப்பு விழா செப்டம்பர் 19, பிற்பகல் மூன்றரை மணிக்கு என்று மாறியுள்ளது. இரண்டு தவணைப் புள்ளிகள் என்ற யோசனையை ஆசிரியர் கூட்டத்தில் வைத்துவிட்டுச் சொல்வதாக அதிபர் கூறினார். விஞ்ஞானக் கண்காட்சி ஓகஸ்ட் 14க்குப் போகிறது. அது வெள்ளிக்கிழமை என்பதால் பதினொன்றரைக்கு முன் முடித்துத் தரும்படி கேட்டு, ஒப்புதலும் பெற்றோம்.

விளையாட்டுப் போட்டியில்தான் இழுபறி. மைதானத்தை மார்ச் மாதத்துக்கென்று ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்களாம்; ஜூன் என்றால் புதிதாகக் கேட்க வேண்டும். வரும் ஞாயிறு, அறநெறி வகுப்பு முடிந்து பத்தரை மணிக்குப் பெற்றோர் குழு கூடுகிறது. காத்தான்குடிச் சகோதரி இயன்றால் நேரில் வந்து அந்த நோன்பு நாள்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னபோது, பிறையை இப்போதே எப்படிச் சொல்லலாம் என்று பொருளாளர் வாதாடினார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணாவியார் ஒருவரின் தொடர்பு ஆரையம்பதி நண்பர் மூலமாகவே கிடைத்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.