டாக்ஸ் கோடு, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று கம்பெனிக்குச் சொல்லும் குறியீடு, மாறியபோது உங்களுக்கு என்ன நடந்தது? (இங்கிலாந்தில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் மட்டும்)

புதுசா வந்தவன்:
அக்டோபர் கடைசியில் சென்னையிலிருந்து வந்து, நவம்பரில் ரெடிங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கான வரிப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். வரி வருடம் தொடங்கும் ஏப்ரல் 6-க்குப் பிறகு வேறு வேலை பார்த்தாயா என்கிற மாதிரி கேள்வி. பொய் சொல்ல வேண்டாமே என்று சென்னை வேலையை நினைத்துக்கொண்டு ஆமாம் என்கிற 'பி'-க்கு டிக் போட்டுவிட்டேன். சம்பளம் 3,000 பவுண்டு, வரி 390. டிசம்பரிலும் அதே 390. கோடு 1257எல் எம்1. 1257எல் என்றால் வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை, அதுதான் அலவன்ஸ். எல்லோருக்கும் 1257எல்தானே என்று பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த எம்1-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து சீட்காரர்தான் பார்த்துவிட்டு, "ஏப்ரலில் நீ இந்த ஊரிலேயே இல்லையேப்பா" என்றார். வரித்துறைக்குப் போன் போட்டுச் சொன்னேன், மாற்றினார்கள். ஜனவரி பே ஸ்லிப்பில் வரிக் கட்டத்தில் மைனஸ் 780 சொச்சம்! தப்பாகப் போட்டுவிட்டார்கள், திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்து அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. பிப்ரவரியில் 95 பவுண்டு பிடித்தார்கள். வரி பிடித்ததற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹாரோ அக்கா:
எனக்கு நடந்தது வீட்டுக்குள்ளேயே. சின்னவன் பிறந்து நான் வீட்டில் இருந்த சமயம், இவர் என் போனை வாங்கி என் கணக்கிலிருந்தே மேரேஜ் அலவன்ஸுக்கு, அதாவது என் அலவன்ஸில் ஒரு பங்கைத் தன் பெயருக்கு மாற்ற, விண்ணப்பம் போட்டிருக்கிறார். என்னிடம் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் ஒரு ஏப்ரலில் முழு நேர வேலைக்குப் போனேன். முதல் பே ஸ்லிப்பில் 1131என். கூட வேலை செய்கிறவளுக்கு 1257எல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஸ்லிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், எனக்கு 1,260 பவுண்டு அலவன்ஸ் குறைகிறது. மாலை வந்து கேட்டால் இவர் தன் ஸ்லிப்பை எடுத்துக் காட்டுகிறார்: 1383எம். சிரிப்பு வேறு. அதற்கான வரி வருடத்துக்கு 252 பவுண்டு, அவ்வளவுதான். அதற்கு மூன்று நாள் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

பழைய லெட்ஜர்:
தம்பி, இதையெல்லாம் 'எமர்ஜென்சி டாக்ஸ்' கொள்ளை என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுகிறார்கள், நீங்களும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். எம்1 என்றால் ஒவ்வொரு மாதத்தையும் தனியாகப் பார்ப்பது. 12,570-ஐப் பன்னிரண்டாக வகுத்தால் 1,047 சொச்சம், அந்த மாதத்துக்கு அது மட்டும்தான். எம்1 இல்லாவிட்டால் ஏப்ரலிலிருந்து நீங்கள் தொடாத மாதங்களின் பங்கும் சேர்ந்து நிற்கும். நவம்பர் சம்பளத்தின்போதே அது எட்டு மாதத்துக்கு 8,380. அதனால்தான் கணக்குப்படி ஜனவரி வரை உங்களுக்கு வரியே இல்லை, பிடித்த 780-உம் திரும்பி வந்தது. யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை, உங்கள் பணம்தான்.

ஹாரோ தங்கச்சி, குடும்பக் கணக்கில் நஷ்டம் இல்லை. நீங்கள் 252 கூடக் கட்டுகிறீர்கள், அவர் 252 குறைவாகக் கட்டுகிறார். இப்போது ரத்து செய்தாலும் பெரும்பாலும் ஏப்ரல் 5 வரை அது ஓடத்தான் செய்யும். அப்புறம் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை மாறினால் பி45-ஐ, அதாவது வேலையை விடும்போது தரும் வரிச் சீட்டை, வாங்காமல் வெளியே வராதீர்கள். வருடக் கடைசி வரிச் சீட்டான பி60 மே 31-க்குள் கையில் வர வேண்டும். கூடக் கட்டிய வரியை நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். இரண்டாவது வேலைக்கு பிஆர் கோடு போட்டு மொத்தத்துக்கும் 20 சதவீதம் பிடித்தால் அலறாதீர்கள், உங்கள் அலவன்ஸ் முதல் வேலையில் இருக்கிறது. (என் கதையா? 2009-இல் ஒரு பி45-ஐத் துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன்.)

ஹாரோ அக்கா:
அண்ணா, நான் நஷ்டம் என்று சொல்லவே இல்லை. கேட்காமல் எடுத்ததைத்தான் சொன்னேன்.

ஓசி பெட்ரோல்:
2024-இல் கம்பெனி கார் கொடுத்தார்கள், சொந்த ஓட்டத்துக்கும் பெட்ரோல் இலவசம். ஊரில் அம்மா வரைக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். கொஞ்ச நாளில் என் கோடு கே-யில் ஆரம்பித்தது. கே என்றால் அலவன்ஸ் முழுவதும் கரைந்து போய், வாங்காத பணத்தையும் சம்பளத்தோடு கூட்டி வரி போடுவது. காரின் புகையைப் பொறுத்து ஒரு சதவீதம் வைப்பார்கள், என் காருக்கு 31 சதவீதம். இலவசப் பெட்ரோலுக்கு அந்த வருடம் அரசு வைத்த 27,800 என்ற தொகையில் 31 சதவீதம், அதாவது 8,618 பவுண்டு நான் சம்பாதித்ததாகக் கணக்கு. அதில் 20 சதவீதம் வரி 1,723. நானோ வார இறுதியில் கோவிலுக்கும் காய்கறிக் கடைக்கும்தான் ஓட்டினேன். பெட்ரோல் வேண்டாம், காரை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போனபோது மேனேஜர் கேட்டார்: "இலவசம் பிடிக்கவில்லையா?"

பழைய லெட்ஜர்:
எலெக்ட்ரிக் எடுத்திருந்தால் அந்த வருடம் 2 சதவீதம்தான். முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓசி பெட்ரோல்:
யாரிடம்? உங்களை அப்போது எனக்குத் தெரியாதே.