## வரி எண் வைத்து உருவாக்கும் பெயர்கள் மோதுகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். சி மொழியில் ஒரு மேக்ரோவை அழைக்கும்போதெல்லாம் புதுப் பெயரில் ஒரு ஸ்டாட்டிக் மாறி வேண்டும். (படிக்க வசதியாகக் கோட் வரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.)

#டிஃபைன் ஒட்டு(அ, ஆ) அ##ஆ
#டிஃபைன் சேர்(அ, ஆ) ஒட்டு(அ, ஆ)

42ஆம் வரியில் ஒட்டு(தற்_, __லைன்__) என்று (__லைன்__ என்பது அந்த வரியின் எண்ணைத் தரும் மேக்ரோ) நேரே அழைத்தால் தற்___லைன்__ என்றுதான் வரும். இரண்டு துண்டுகளை ஒட்டும் ##-க்குப் பக்கத்தில் நிற்கும் ஆர்க்யுமென்ட்டை ப்ரீபிராசசர் (கம்பைலுக்கு முன் மேக்ரோக்களை விரிக்கும் பகுதி) விரிக்காமலே ஒட்டிவிடும். சேர் வழியாகப் போனால் வரி எண் முதலில் விரிந்து, தற்_42 கிடைக்கிறது. இதுவரை சரி.

சிக்கல் இதுதான்: ஹெடர் ஃபைலின் 42ஆம் வரியிலும், அதை இன்க்ளூட் செய்யும் சி ஃபைலின் 42ஆம் வரியிலும் இந்த மேக்ரோ இருக்கிறது. இரண்டுமே ஃபங்ஷனுக்கு வெளியே, ஆரம்ப மதிப்போடு. ஒரே பெயர் இருமுறை வருவதால் ரீடெஃபினிஷன் பிழை.

ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும், ஒவ்வொரு முறை விரியும்போதும் ஒன்று கூடும் எண்ணைத் தரும் __கவுண்ட்டர்__ உண்டு, அதில் இது தீர்ந்துவிடும். நான் பயன்படுத்தும் கம்பைலரில் அது இல்லை.

ஃபைலுக்கு ஒரு முன்னொட்டு மேக்ரோ வைத்து, அதையும் சேர்த்து ஒட்டலாம். ஆனால் ஹெடர் அதை மாற்றினால், இன்க்ளூடுக்குப் பிறகு சி ஃபைலிலும் ஹெடரின் முன்னொட்டே நிற்கும். எல்லா இன்க்ளூடுக்கும் கீழே அன்டெஃப் செய்து மறுபடி டிஃபைன் செய்ய வேண்டும். ஒரு ஃபைலில் மறந்தாலும் பழைய பிழைதான். __ஃபைல்__ உதவாது: அது மேற்கோள் குறிக்குள் வரும் சரம், பெயரோடு ஒட்டினால் செல்லுபடியாகும் டோக்கன் ஆகாது.

கவுண்ட்டர் இல்லாத கம்பைலரில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? ஒவ்வொரு ஃபைலிலும் கையால் முன்னொட்டு மாற்றாத வழி இருந்தால் மேக்ரோ வரிகளோடு சொல்லுங்கள்.