அதிர்வெண் சீப்பா, ஒளிப்படிக்கோலா?

பாளையங்கோட்டையிலிருந்து:
வணக்கம். தமிழ்வழி இளங்கலை மாணவர்களுக்கு நான் எழுதும் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் 2005 இயற்பியல் நோபலில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்களே, அந்த லேசர் 'ஃபிரீக்வன்சி கோம்ப்'புக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். ஒளி நொடிக்குச் சில நூறு லட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த மின்னணுக் கருவியாலும் அதை நேரே எண்ண முடியாது. லேசரைச் சீரான குறுந்துடிப்புகளாக விட்டால், அதன் நிறமாலை சீப்பின் பற்கள்போலச் சம இடைவெளிக் கோடுகளாகிவிடும். அந்த இடைவெளியும் துடிப்பு வீதமும் ஒன்றே. அதை, நொடியை வரையறுக்கும் சீசியம் அணுக் கடிகாரத்தோடு ஒப்பிடலாம். 'அதிர்வெண் சீப்பு' போதுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
போதாதும்மா. மண்ணும் குடமும் மட்குடம் ஆவதுபோல, வேற்றுமைப் புணர்ச்சியில் 'அதிர்வெட்சீப்பு' என்றுதான் வரணும். அதுவும் போக, சீவுவதால் அது சீப்பு. இக்கருவி எதையும் சீவுவதில்லை. 'சீத்தல்' என்றால் பெருக்கித் தள்ளுதல் என்றும் பழைய பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்பொறிகளோடு 'எழுவும் சீப்பும்' வருகிறது. அங்கே அது கதவுக்குக் காவலாக நிற்கும் மரம். தாமிரபரணிக் கரையில் வாழைச் சீப்பு வேறு. ஒரு சொல்லுக்கு எத்தனை சுமை! 'ஒளிப்படிக்கோல்' என்போம். அளக்கிற கருவி என்று கேட்டதுமே தெரியும்.

தென்காசியிலிருந்து:
அண்ணாச்சி, மட்குடம் சரி. ஆனால் 'அதிர்வெட்சீப்பு' என்றால் மாணவர் வெட்டுவதைத்தான் நினைப்பார். இலங்கையில் அதிர்வெண்ணை மீடிறன் என்கிறார்கள், அவர்களுக்கும் புரியணும். 'நிரல்' பொருத்தமான சொல்தான், கணினிக்குப் போய்விட்டது. 'அதிர்வெண் மாலை' எப்படி? நிறமாலை ஏற்கெனவே பழகிய சொல்.

பாளையங்கோட்டையிலிருந்து:
மாலையில் பூக்கள் நெருங்கியும் விலகியும் இருக்கலாம். இங்கே சம இடைவெளிதான் உயிர். எந்தக் கோட்டின் அதிர்வெண்ணும், அதன் வரிசை எண்ணைத் துடிப்பு வீதத்தால் பெருக்கி, ஒரு சிறு விலகலைக் கூட்டினால் கிடைத்துவிடும். அந்த விலகலை அறியும் வழி அழகானது. நிறமாலையின் ஒரு முனை மறுமுனையைப் போல் இருமடங்கு அதிர்வெண் எட்டும்வரை விரித்து, சிவப்பு ஓரக் கோட்டை இரட்டித்து, நீல ஓரக் கோட்டோடு சேர்த்தால், எஞ்சும் வேறுபாடுதான் விலகல். 2000 வாக்கில் நுண்துளைக் கண்ணாடி இழைகள் இதைக் கைக்கு எட்டவைத்தன. அதற்கு முன் அறை நிறைய லேசர்களைச் சங்கிலியாகப் பிணைத்துத்தான் அளந்தார்கள்.

அதனால் குறிப்பு முழுக்க 'எத்தனையாவது பல்', 'பல்லிடைவெளி' என்றே எழுத வேண்டியிருக்கிறது அண்ணாச்சி. படிக்கோலுக்குப் பல் கிடையாதே. சீப்பென்றால் இந்தத் துணைச்சொற்களும் கூடவே வந்துவிடும்.

தென்காசியிலிருந்து:
சரி, மாலையைக் கைவிடுகிறேன். சீப்பே இருக்கட்டும், புணர்க்காமல் 'அதிர்வெண் சீப்பு' என்று இயல்பாகவே எழுதுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பல் பற்றிச் சொன்னது நியாயம். புணர்ச்சியை விட்டதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. அச்சிடுங்கள், அடிக்குறிப்பில் ஒளிப்படிக்கோலையும் சேருங்கள். ஒளி அதிர்வை எண்ணும் அணுக் கடிகாரம் பற்றிய பாடம் எழுதும்போது இதை மறுபடி எடுப்பேன்.