மறுமொழி: இறக்கை ‘ஸ்டால்’ ஆவதற்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாகக் கோத்தகிரியில் மழையும் மூடுபனியும். மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக இந்த இழையைத்தான் திறந்தேன். விமான இறக்கை ‘ஸ்டால்’ ஆவதற்குத் தமிழில் நான் கேட்ட ஒரே ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள். மனம் நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைதோறும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் சிறு விமானம், செய்யக் கற்றுத்தருகிறேன். தெர்மோகோல் தட்டு, மூங்கில் குச்சி, மூக்கில் ஒட்டக் களிமண், இவ்வளவுதான் பொருள். கையால் வீசிப் பறக்கவிடுவோம். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். இறக்கை, வால், தூக்குவிசை, இழுவை எல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டன. ஸ்டாலுக்கு வந்ததும் எழுத்து நின்றுபோயிற்று.

ஒருநாள் வகுப்பில் "கிளைடர் ஸ்டால் ஆயிடுச்சு" என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீ ஸ்டாலா சார்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஸ்டால் அதுதான். பக்கத்தில் இருந்த பையனின் அப்பா ஜீப் ஓட்டுபவர். அவன், "இன்ஜின் ஆஃப் ஆகிறதுதானே சார்" என்றான். எங்கள் கிளைடரில் இன்ஜினே கிடையாது.

அந்தப் பையன் சொன்னதைத்தான் பெரியவர்களும் நம்புகிறார்கள். போன வருடம் என் அத்தை கோவையிலிருந்து முதல்முறையாக விமானத்தில் போனார். ஏறிய சில நிமிடங்களில் இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்ததும், "வண்டி நின்னுபோச்சு" என்று பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். புறப்படும்போது கொடுத்த முழு விசையைக் குறைத்துச் சீராக ஏறுவது பயணிகள் விமானங்களில் வழக்கமாக நடப்பதுதான் என்று இறங்கிய பிறகுதான் அவருக்குச் சொல்ல முடிந்தது. ஆகவே நாம் தேடும் சொல் முதலில் இன்ஜினை விட்டு விலகி இறக்கையின் பக்கம் வரவேண்டும். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் நிபந்தனை.

பொருளை ஒருமுறை தெளிவாக வைத்துக்கொள்வோம். இறக்கையின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு, அதன் வளைவை ஒட்டியே போகிறது. மூக்கைத் தூக்கத் தூக்க, காற்று இறக்கையில் வந்து சேரும் கோணம் கூடுகிறது. இதற்கு ‘மோதுகோணம்’ என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். கோணம் கூடினால் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான். சாதாரண இறக்கைகளில் 15 பாகையை ஒட்டியோ சற்றுத் தாண்டியோ அந்த எல்லை வருகிறது. அதற்கு மேல் போனால் காற்றால் அந்த வளைவை ஒட்டி வர முடிவதில்லை. மேற்பரப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழித்துப் போகிறது. தூக்குவிசை சரிகிறது, இழுவை (காற்று பின்னுக்கு இழுக்கும் விசை) ஏறுகிறது, மூக்கு தொங்குகிறது. இதுதான் ஸ்டால். இன்ஜின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும்போதும் இது நடக்கும்.

இனி உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தேக்கம் என்று சொல்லலாமே. எளிய சொல், எல்லாருக்கும் தெரியும்.

குன்னூர் ஐயா எழுதியது. எனக்கும் முதலில் தோன்றியது இதுதான். ஆனால் காற்றியக்கவியலில் ‘தேக்க அழுத்தம்’ என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஓடிவரும் காற்று ஓரிடத்தில் முட்டி நிற்கும்போது அங்கே உண்டாகும் அழுத்தம் அது. விமானத்தின் முன்பக்கம் இருக்கும் பிட்டோ குழாய் அதை அளந்துதான் வேகத்தைக் காட்டுகிறது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்து வேக அளவு தப்பாயிற்று. தானியங்கி ஓட்டம் விலகிக்கொண்டது. விமானி மூக்கைத் தூக்கினார். விமானம் ஏறக்குறைய 38,000 அடியில் ஸ்டால் ஆகி, மூன்றரை நிமிடம் போலக் கீழே வந்துகொண்டே இருந்தது. 228 பேரும் இறந்தார்கள். இந்த விபத்தைத் தமிழில் விளக்க வேண்டுமானால் தேக்க அழுத்தமும் வரும், ஸ்டாலும் வரும். இரண்டுக்கும் ‘தேக்கம்’ என்றால் படிப்பவர் திணறிவிடுவார். ஐயா, மன்னிக்க வேண்டும், இதை விட்டுவிட வேண்டியதுதான்.

> சோர்வு. சிறகு சோர்ந்தது என்றால் எவ்வளவு அழகாக இருக்கிறது!

கொடைக்கானல் அக்கா, அழகுதான், மறுக்கவே மாட்டேன். சோர்தல் என்றால் களைப்பு மட்டுமில்லை, நழுவுதல், தளர்ந்து விழுதல் என்றும் பொருள் இருக்கிறது என்று நீங்கள் காட்டியதும் சரி. இரண்டு நாள் நானும் இந்தச் சொல்லோடுதான் சுற்றினேன். ஆனால் விமானத் துறையில் சோர்வுக்கு வேறு இரண்டு பெரிய வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று, தூக்கமில்லாத விமானியின் சோர்வு. இன்னொன்று, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் உலோகச் சோர்வு. 1954-ல் ‘காமெட்’ என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியது அதனால்தான். ‘சோர்வால் விழுந்த விமானம்’ என்று எழுதினால் சோர்ந்தது விமானியா, உலோகமா, இறக்கையா?

> தூக்கிழப்பு. தூக்குவிசையை இழப்பதுதானே?

இல்லை என்பதுதான் சிக்கல். மூக்கை அழுத்தினாலும் தூக்குவிசை குறையும். அது ஸ்டால் ஆகாது, சொல்லப்போனால் ஸ்டாலுக்கு மருந்தே அதுதான். ஸ்டால் ஆன இறக்கையிலும் கொஞ்சம் தூக்குவிசை மிச்சமிருக்கிறது. நோயையும் மருந்தையும் ஒரே பெயரால் கூப்பிடக் கூடாது.

‘வேகக்குறைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இது ஆபத்தான சொல். எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகலாம். 60 பாகை சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால், நேராகப் பறக்கும்போது ஸ்டால் ஆகும் வேகத்தைப்போல 1.4 மடங்கிலேயே ஸ்டால் வந்துவிடும். எங்கள் மலையிலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். ஒரே கிளைடரை மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் வீசினால், ஊட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேகம் கூடுதலாக வேண்டும். கீழே நன்றாகப் போனது மேலே வந்ததும் தொப்பென்று விழுகிறது என்று பிள்ளைகள் முகம் வாடிப்போவார்கள். கிளைடரில் குறை இல்லை, இன்னும் விசையாக வீச வேண்டும், அவ்வளவுதான். வேகம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்டால் ஆகும் கோணம் அப்படியேதான் இருக்கிறது.

> விமானிகள் எல்லாரும் ஸ்டால் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எழுதிவிட்டால் என்ன?

விமானப் பயிற்சியில் இருக்கும் தம்பி கேட்டது. தம்பி, ரேடியோவில் நீங்கள் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும், தேர்வும் அப்படித்தான். அதில் கை வைக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அவர்கள் மொழியிலும் கார் இன்ஜின் நின்றுபோவதற்கு அதே சொல்தான். அந்தக் குழப்பத்தை நாம் எதற்குக் கடன் வாங்க வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தடவையிலேயே சரியான படம் மனதில் விழுந்துவிட்டால், பின்னால் அவள் விமானி ஆகும்போது ஆங்கிலச் சொல்லையும் சரியாகவே பிடித்துக்கொள்வாள்.

அப்புறம், என் பரிந்துரை: பிடியிழப்பு.

இது வந்த கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தேயிலைச் சரிவில் ரேடியோவால் இயக்கும் என் கிளைடரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். கீழ்நாட்டிலிருந்து வரும் காற்று சரிவில் மோதி மேலே எழும். அதில் மிதந்தபடி அங்குமிங்கும் போய்வரலாம். ஒரு திருப்பத்தில் கிளைடர் காற்றோடு சேர்ந்து திரும்பியது. தரையை வைத்துப் பார்க்கையில் மிக வேகமாகப் போவதுபோல் தெரிந்தது. வேகத்தைக் குறைக்கலாமென்று, மூக்கைத் தூக்கும் ஸ்டிக்கைப் (இயக்கும் குச்சியை) பின்னுக்கு இழுத்தேன். உண்மையில் காற்றை வைத்துப் பார்த்தால் அதற்கு வேகமே இல்லை. உள்பக்க இறக்கை முதலில் விட்டது. கிளைடர் ஒரு பக்கமாகச் சுருண்டது. பயத்தில் இன்னும் இழுத்தேன். இரண்டு சுற்றுச் சுற்றிக் கவாத்து செய்த செடிகளின் நடுவே போய்ச் செருகியது. அந்தக் குத்துக்குச்சிகள் இறக்கையைக் கிழித்துவிட்டன. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அதை எடுத்துவந்து கொடுத்தார். "பிடி விட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார். ஈரச் சரிவில் கால் வழுக்குவதற்கு அவர்கள் சொல்கிற பேச்சு அது. வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் இருந்தது.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். டயருக்கும் சாலைக்கும் ஒரு பிடி இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க வண்டி திரும்பும், ஓர் எல்லை வரை. அதற்கு மேல் ஒடித்தால் பிடி விட்டுவிடும், வண்டி திரும்பாமல் நேராக வழுக்கும். அப்போது இன்னும் ஒடிப்பவர் பள்ளத்தில் போவார். ஒடிப்பைத் தளர்த்துபவருக்குப் பிடி திரும்பக் கிடைக்கும். இறக்கையும் காற்றும் இப்படித்தான். நாம் கேட்பது அளவுக்கு மிஞ்சிப் போகிறது, காற்றால் ஒட்டிவர முடியவில்லை. மீள வழி, கேட்பதைக் குறைப்பது. அதாவது மூக்கை இறக்குவது.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் இதுதான். ‘தேக்கம்’ என்று கேட்டால் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ‘பிடி விட்டது’ என்று கேட்டால், பிடியை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வி தானாகவே எழும். ஏர் பிரான்ஸ் விமானத்தில் எச்சரிக்கைக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தது. இரண்டு இன்ஜின்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மோதுகோணம் 35 பாகையைத் தாண்டியிருந்தது. ஆனாலும் ஸ்டிக்கைப் பெரும்பாலும் பின்னுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். விழுகிற எவருக்கும் மேலே இழுக்கத்தான் கை போகும். கிளைடர் பறப்பின் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1896 ஆகஸ்ட் 9 அன்று விழுந்ததும் பிடியிழப்பால்தான். மூக்கு தூக்கிக்கொண்ட கிளைடரை அவரால் மீட்க முடியவில்லை, மறுநாள் இறந்தார். ஏறத்தாழ 2,000 முறை பறந்து பழகியவர்.

சொல் வளைந்துகொடுக்கிறதா என்றும் பார்த்தேன். பிடியிழப்பு வேகம், பிடியிழப்புக் கோணம், பிடியிழப்பு எச்சரிக்கை. மீள்வதற்குப் பிடிமீட்பு. இறக்கை நுனியில் மட்டும் நேர்ந்தால் நுனிப் பிடியிழப்பு. வினையாக ‘இறக்கை பிடியிழந்தது’, பேச்சில் ‘பிடி விட்டுருச்சு’. எங்கும் நாக்கு இடறவில்லை.

சொல் வேலை செய்கிறதா என்று வகுப்பிலும் பார்த்தேன். வால் கனமான கிளைடரை வீசினால் மேலே ஏறும், ஒரு கணம் முழித்து நிற்கும், மூக்கு குத்தும், மறுபடி ஏறும். படிக்கட்டில் உருள்வதுபோல. முன்பெல்லாம் பிள்ளைகள் இன்னும் பலமாக வீசிப்பார்ப்பார்கள். இந்தத் தடவை "பிடி ஏன் விடுது?" என்று மட்டும் கேட்டேன். ஜீப்காரர் பையன்தான் முதலில் சொன்னான், "மூக்கு ரொம்பத் தூக்குது சார்." உருண்டை பிடித்த களிமண்ணை மூக்கில் ஒட்டினான், நேராகப் போயிற்று. இறக்கை நுனிகளின் பின்விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைத்துவிட்டால் நுனி கடைசியாகத்தான் பிடி விடும், ஒருபக்கமாகச் சுருளாது என்பதையும் காட்டினேன். வீட்டில் செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைக்க வேண்டும், அது முக்கியம்.

ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரியும். ‘பிடியிழந்த விமானம்’ என்றால் விமானியின் கையை விட்டுப் போன விமானம் என்று படிக்க மாட்டார்களா? நியாயமான கேள்வி. அதற்குக் ‘கட்டுப்பாடு இழப்பு’ என்ற சொல் ஏற்கெனவே நடமாடுகிறது. கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் ‘இறக்கைப் பிடியிழப்பு’ என்று முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். ‘காற்றுப்பிடி’ என்று வைத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும்தான், ஆனால் நம் ஊரில் அது முதுகில் வரும் வாயுப் பிடிப்பாகிவிடும்.

கொடைக்கானல் அக்கா, குன்னூர் ஐயா, உங்கள் இருவரின் பதிலுக்கும் காத்திருக்கிறேன். தம்பி, நீங்கள் அடுத்த முறை பயிற்றுநரோடு ஸ்டால் பயிற்சி செய்யும்போது, மூக்கு தொங்குவதற்கு முன் கையில் என்ன அதிர்வு தெரிகிறது என்று கவனித்து எழுதுங்கள். அந்த அதிர்வுக்கும் ஒரு சொல் வேண்டும். ஒரு இறக்கை மட்டும் பிடி விட்டுச் சுழன்று இறங்குவதற்குச் ‘சுழல்வீழ்ச்சி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், அதில் எனக்கே திருப்தி இல்லை. மழை விட்டால் இந்தச் சனிக்கிழமை மைதானத்தில் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து