கடையில் நிற்கிறேன், எஸ்எஸ்டி வாங்கவா ஹார்ட் டிஸ்க் வாங்கவா? சீக்கிரம் சொல்லுங்க

களக்காட்டான்:
வீட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டுக் குளித்து, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகள் ஏதாவது விண்ணப்பம் போட உட்கார்ந்தால் பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது. டிஸ்க்கை மாத்து என்று ஆளாளுக்குச் சொன்னதால் இப்போது திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் நிற்கிறேன். கடைக்காரர் போர்டிலேயே செருகுகிற சின்னப் பட்டை மாதிரி 512 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை எடுத்து வைத்து "இதைப் போடுங்க, பறக்கும்" என்கிறார். அத்தானுக்குப் போன் போட்டால் "அந்தக் காசுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் பார்க்கலாம்லா, எஸ்எஸ்டி எல்லாம் ஒருநாள் பொசுக்குன்னு போயிரும்" என்கிறார். களக்காடு பஸ்ஸைப் பிடிக்கணும். எது வாங்க?

பாளை வயர்மேன்:
லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? எந்த வருஷத்துப் பெட்டி? மதர்போர்டு என்ன, ரேம் எவ்வளவு, இப்போது உள்ளே என்ன டிஸ்க் கிடக்கிறது? ஒன்றுமே சொல்லாமல் எது வாங்க என்று கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்ல, அண்ணாச்சி?

தாமிரபரணி64:
டிஸ்க்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வோல்டேஜ் கோளாறு. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திப் பாருங்க. எங்க தெருவில் விளக்கு வைக்கிற நேரமானால் டியூப்லைட்டே கண்ணடிக்கும், கம்ப்யூட்டர் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்?

பைட் பண்டிதர்:
இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அது அழகுக்கு வைத்ததில்லை. சரி, இன்னொரு தடவை. ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. கேட்ட இடம் அதைப் படிக்கிற ஹெட்டுக்கு நேராக வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும், அதாவது 4.17 மில்லி செகண்ட். ஹெட் தடம் மாறி நிற்க இன்னும் எட்டு ஒன்பது. ஆக நொடிக்கு எண்பது, நூறு தடவைக்கு மேல் அதால் ஓடி எடுத்துவர முடியாது. விண்டோஸ் கிளம்பும்போதோ தகடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் கேட்கும். எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றும் இல்லை, நகரவும் ஒன்றும் இல்லை; ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது. பெட்டியின் மேல் போட்டிருக்கிற நொடிக்கு 550 எம்பி, 3500 எம்பி எல்லாம் ஒரு பெரிய சினிமாப் படத்தை ஒரேயடியாக நகலெடுக்கும்போது தெரிகிற வேகம். அதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டியதில்லை.

அம்பை கலா:
பண்டிதர் சொல்வது சரி, பாடம் நடத்தாமலும் சொல்லலாம். நான் அம்பையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன், தம்பி. சாமான் சீட்டைக் கொடுத்ததும் கடைப்பையன் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் பின்கட்டுக் குடோனுக்கு ஓடிப்போய் வந்தால் எப்படியோ, பழைய டிஸ்க் அப்படி. எங்கள் கடையில் தூக்கிப் போட வைத்திருந்த பெட்டிக்கு 240 ஜிபி எஸ்எஸ்டிதான் போட்டேன், இன்றைக்கும் அதில்தான் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமெல்லாம் போடுகிறோம். ஆனால் எம்.2 வாங்குமுன் உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா பாருங்க. பழைய பெட்டி என்றால் இருக்காது. பெல்ட் பக்கிள் மாதிரித் தட்டையாக, ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டுகிற 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்கணும்.

களக்காட்டான்:
டெஸ்க்டாப்தான். கறுப்பு கேபினட். ஐ3.

பாளை வயர்மேன்:
கறுப்பு கேபினட் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. ஐ3 என்பது 2010லிருந்து வந்துகொண்டே இருக்கிறது அண்ணாச்சி, அதில் எத்தனையாவது தலைமுறை? வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

குற்றாலச் சாரல்:
எதுவும் வாங்காதீங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாப்ட் ஆதரவு முடிந்தது, 11ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தின பெட்டியில் முறைப்படி போட முடியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடும். பைசா செலவில்லை.

அம்பை கலா:
சாரல் தம்பி, லினக்ஸும் அதே தகட்டிலிருந்துதானே கோப்பை எடுக்கணும்? கொஞ்சம் இலகுவாக இருக்கும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி போட்டு அதில் மின்ட் போடச் சொன்னால் நானும் ஆமாம் போடுவேன்.

தாமிரபரணி64:
வோல்டேஜைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்களே. கூடங்குளம் நம்ம மாவட்டம், ராதாபுரம், பணகுடிப் பக்கம் பூராவும் காற்றாலை. கரண்ட் மட்டும் எங்கேயோ போகுது, நமக்கு மிச்சம் கண்ணடிக்கிற டியூப்லைட்.

பாளை வயர்மேன்:
கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலையும் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட், அது அப்படியே 400 கேவி உயர் அழுத்த லைனில் ஏறிப் போய்விடும். உம்ம வீட்டு லோ வோல்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை வே. டிரான்ஸ்பார்மரிலிருந்து எத்தனையாவது கம்பத்தில் உம்ம வீடு இருக்கு, அந்த டிரான்ஸ்பார்மரில் எத்தனை ஏசி, எத்தனை மோட்டார் ஏறியிருக்கு, அதுதான் கணக்கு. களக்காட்டுப் பக்கம் மும்முனை கரண்ட் வருகிற நேரத்தில் வாழைத்தோப்பு மோட்டாரெல்லாம் ஒன்றுபோல ஓடும், அப்போது கடைசிக் கம்பத்து வீட்டில் விளக்கு மங்கத்தான் செய்யும். கூடங்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் மங்கும்.

தாமிரபரணி64:
அது சரி, டிரான்ஸ்பார்மரைக் கூட்டி வைக்க வேண்டியது யாரு, நானா?

களக்காட்டான்:
பையன் அனுப்பினான். போர்டில் ஹெச்81 என்று போட்டிருக்காம். ரேம் 4 ஜிபி. கார்டு ஒன்று வைத்து எம்.2வை மாட்டிரலாம்னு கடைக்காரர் சொல்கிறார். இதைப் போட்டால் அந்த டக் டக் சத்தமும் நின்றிருமா?

பைட் பண்டிதர்:
ஹெச்81 என்றால் நாலாம் தலைமுறை. எம்.2 இடம் இருக்காது. கார்டு வைத்து மாட்டினால் விண்டோஸ் உள்ளே போன பிறகு டிஸ்க் தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்ப, அதாவது பூட் ஆக, போர்டில் இருக்கிற பயாஸ் புரோகிராம் ஒத்துழைக்க வேண்டும், அந்தக் காலத்துப் போர்டுகள் பெரும்பாலும் ஒத்துழைக்காது. சாட்டா எஸ்எஸ்டியை வாங்கிக் கிளம்புங்கள். போர்டில் நாலு சாட்டா போர்ட் இருக்கும், இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3. வேகமானதில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். ரேமும் 4 போதாது, டிடிஆர்3 இன்னொரு 4 போடுங்கள்.

மேலப்பாளையம் மெக்கானிக்:
எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. டக் டக் சத்தமா? அதை இப்பவா சொல்றது? ஹெட் தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். அது சாகப்போகிற டிஸ்க். வீட்டுக்குப் போன் போட்டு உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அதில் என்ன வைத்திருக்கீங்க?

களக்காட்டான்:
மூத்தவ கல்யாண வீடியோ, போட்டோ, ஊர்க் கோயில் கொடை வீடியோ எல்லாம் அதில்தான். வேறெங்கும் இல்லை.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அப்போ எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்கிற பேச்சே இரண்டாவது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்க, பழையதை அப்படியே குளோன் பண்ணாதீங்க. குளோன் என்றால் தகட்டைத் தலையிலிருந்து கால்வரை தடவும், அதிலேயே உயிர் போனாலும் போயிரும். பிறகு பழையதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, முதலில் கல்யாணம், அப்புறம் கொடை, அந்த வரிசையில் எடுங்க. எடுத்த பிறகு ஆசைக்கு, டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமைப் போட்டுப் பாருங்க: 05, சி5, சி6 வரிசையில் எண் ஏறியிருந்தால் தகடு போச்சு, சி7 மட்டும் ஏறியிருந்தால் கேபிள்தான் லூஸ். சத்தம் பலமாக இருந்தால் நீங்கள் கையே வைக்க வேண்டாம், டேட்டா எடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுத்துருங்க.

தாமிரபரணி64:
அத்தான் சொன்னதுதான் சரி. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் சத்தமாவது போடுது. எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போயிரும்.

பைட் பண்டிதர்:
பாதி உண்மை. எழுதி எழுதித் தேயும் என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு வேண்டாம். நல்ல 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி எழுதும்வரை வாரண்டி உண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் நாற்பது வருஷம் வரும். போனால் உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் சிப் போகும், அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. அழித்த கோப்பை மீட்பதும் எஸ்எஸ்டியில் ஏறக்குறைய நடக்காது, டிரிம் என்கிற வசதி அந்த இடத்தைத் துடைத்துவிடும். திடீரென்று கரண்ட் போனால் மலிவான எஸ்எஸ்டி எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையே தொலைக்கக்கூடும். அதனால் யுபிஎஸ் வையுங்கள். இதில் மட்டும் தாமிரபரணியோடு ஒத்துப்போகிறேன்.

பாளை வயர்மேன்:
வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்க. அதைப் போட்டுவைத்தால் கரண்ட் மாறும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

ஸ்ரீவைகுண்டம் ராணி:
எது எத்தனை வருஷம் வரும்னு சண்டை போடுறீங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஆள் உயரத் தண்ணீர். பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர் சேற்றோடு கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கில் காற்றுக்கென்று சின்னத் துளை உண்டு, அதன் வழியாகத் தண்ணீர் தகடுவரை போயிரும். எஸ்எஸ்டியாக இருந்தாலும் சர்க்யூட் அரித்துத்தான் போயிருக்கும். அவர்களிடம் மிஞ்சியது மதுரையில் மகன் வீட்டில் இருந்த நகல் ஒன்றுதான். கல்யாண வீடியோவை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேற ஊர்ச் சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வைங்க அண்ணாச்சி.

பைட் பண்டிதர்:
ஆம், பீரோவில் வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. கரண்ட் இல்லாமல் வைத்தால், அதுவும் நம் ஊர் வெக்கையில், நாளாவட்டத்தில் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவுகோலே. புதிது அதைவிட வெகுகாலம் தாங்கும், இருந்தாலும் கல்யாண வீடியோவை நம்பி வைக்க மாட்டேன்.

தாமிரபரணி64:
பார்த்தீங்களா, கடைசியில் எல்லாரும் ஹார்ட் டிஸ்க்குக்கே வந்தாச்சு.

அம்பை கலா:
பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க், ஓட்டுவதற்கு எஸ்எஸ்டி. இரண்டும் ஒன்றா அண்ணாச்சி? களக்காட்டுத் தம்பி, வாங்கியாச்சா?

அம்பை கலா:
தம்பி?

களக்காட்டான்:
480 ஜிபி சாட்டா வாங்கி மாட்டியாச்சு. விண்டோஸ் சட்டுனு வந்திருது. ஆனா 447 தான் காட்டுது, ஏமாத்திட்டாங்களா?

பைட் பண்டிதர்:
இதற்கும் தேடல் பெட்டி உண்டு. கம்பெனிக்காரன் 480 என்பது 480,00,00,00,000 பைட். விண்டோஸ் ஒரு ஜிபியை 107,37,41,824 பைட்டாக எண்ணும். வகுத்துப் பாருங்கள், 447 வரும். யாரும் ஏமாற்றவில்லை.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அது கிடக்கட்டும், கல்யாண வீடியோ எடுத்தாச்சா?

களக்காட்டான்:
கொழுந்தியா மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்கார். எல்லாருக்கும் நன்றி.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அதுவரைக்கும் பழைய டிஸ்க்கின் பவர் வயரைக் கழற்றி வைங்க. சும்மா மாட்டிவைத்தாலே ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் சுற்றும்.

தாமிரபரணி64:
வயர்மேன், மீட்டர் வாங்கி ப்ளக்கில் வச்சுப் பார்த்தேன். ராத்திரி 187 வோல்ட் காட்டுது. இப்ப என்ன சொல்றீர்?

பாளை வயர்மேன்:
230 வரவேண்டிய இடத்தில் 187 என்றால் நீர் சொல்வது நியாயம்தான் வே. பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் அளந்து பாரும். அங்கேயும் அப்படித்தான் என்றால் தெருவில் நாலு பேர் கையெழுத்து வாங்கி செக்‌ஷன் ஆபீஸில் மனு கொடும், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் பதிந்து வையும். உம்ம வீட்டில் மட்டும்தான் குறையுது என்றால் கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயரின் முடிச்சைப் பார்க்கச் சொல்லணும். நீரே கம்பத்தில் ஏறிராதேயும்.