புஹோல்ஸோட அந்தப் பத்து வருஷம்: ஏஞ்சல்ஸுக்கு லாபமா, பாரமா?

ஹேலோ ஹரி

2028 பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (மிகப் பெரிய வீரர்களுக்கான கௌரவ மன்றம்) ஓட்டில் ஆல்பர்ட் புஹோல்ஸ் முதல் தடவையிலேயே உள்ளே போயிடுவார். அதுல எனக்கு மறுப்பே இல்ல. 703 ஹோம் ரன், 3384 ஹிட், மூணு எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது), வேற என்ன வேணும்? ஆனா அவர் பேச்சு வரும்போதெல்லாம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்ல ஆடின முதல் 11 வருஷத்தையும், 2022-ல திரும்பிப் போய் ஆடின கடைசி வருஷத்தையும் சொல்லிட்டு, நடுவுல இருக்கிற காலத்தைத் தாண்டிக் குதிச்சுடறாங்க. அந்தக் காலம் முழுக்க எங்க ஏஞ்சல்ஸோட ஊரான அனாஹைம்ல உட்கார்ந்து பார்த்தவன் நான். அதனாலதான் இங்க கேட்கிறேன்.

2011 டிசம்பர்ல ஏஞ்சல்ஸ் அவரோட போட்ட ஒப்பந்தம் 10 வருஷத்துக்கு 24 கோடி டாலர். அடுத்த மாசம் அவருக்கு 32 வயசு. முதல் வருஷச் சம்பளம் 1.2 கோடி, அப்புறம் வருஷா வருஷம் ஏறி, கடைசி வருஷம் 3 கோடி. ஆள் தேயத் தேய சம்பளம் வளருது. செயின்ட் லூயிஸ்ல பேட்டிங் சராசரி .328 வெச்சிருந்தவர் எங்ககிட்ட .256. பத்து வருஷத்துல பிளேஆஃப் (சீசன் முடிவுல கோப்பைக்கான ஆட்டங்கள்) ஒரே தடவை, 2014. அதுலயும் கான்சாஸ் சிட்டி மூணு ஆட்டத்தையும் ஜெயிச்சு எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மைக் ட்ரௌட் மாதிரி ஒரு பெரிய நட்சத்திரம் கையில இருக்கும்போதே இந்த நிலைமை. ட்ரௌட்டோட நல்ல வயசை அந்த ஒப்பந்தம் தின்னுடுச்சுங்கிறதுதான் என் கட்சி.

கார்டினல் கதிர்

ஹரி அண்ணே, நாங்க பார்த்த புஹோல்ஸும் நீங்க பார்த்தவரும் ஒரே ஆள் இல்லைங்கிறது உண்மைதான். ஆனா "தின்னுடுச்சு"ன்னு சொல்றது ரொம்ப அதிகம். 2012-ல 30 ஹோம் ரன், 105 ஆர்பிஐ (அவர் அடியால டீமுக்கு வந்த ரன்). 2014-ல 28, 105. 2015-ல 40 ஹோம் ரன். 2016-ல 31, 119 ஆர்பிஐ. உங்க டீமுக்கு மட்டும் மொத்தம் 222 ஹோம் ரன். எத்தனை பேர் முழு கேரியர்லயே 222 அடிச்சிருக்காங்க? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

ஹேலோ ஹரி

> யானை இருந்தாலும் ஆயிரம் பொன்

யானையைக் கட்டித் தீனி போட்டவனைக் கேளுங்க தம்பி.

ஸ்கோர்புக் செல்வி

கதிர், ஆர்பிஐயை வைத்து அவரை அளக்காதீர்கள். ட்ரௌட் முன்னால் பேஸில் நிற்கும்போது நாலாவது இடத்தில் ஆடும் யாருக்கும் ஆர்பிஐ சேரும். 2017-ஐப் பாருங்கள். 101 ஆர்பிஐ. கேட்டால் நட்சத்திர ஆட்டம் போலத்தான் தோன்றும். ஆனால் பேட்டிங் சராசரி .241, ஆன்-பேஸ் (அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகும் விகிதம்) .286, ஸ்லக்கிங் (அடியின் பலத்தைக் காட்டும் எண்) .386. ஃபர்ஸ்ட் பேஸிலோ டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) இடத்திலோ ஆடுபவருக்கு இது மிகக் குறைவு. அந்த வருஷம் அவருடைய வார் மைனஸ் 2-ஐ ஒட்டி இருந்தது.

இன்னொன்று டபுள் பிளே. கேரியர் முழுக்க 426 முறை தரைப்பந்து அடித்து டபுள் பிளேயில் மாட்டியிருக்கிறார். அதற்கு முன் கால் ரிப்கனின் 350-தான் சாதனை. அவர் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. 2013-இலேயே பாதத்தில் தசைநார் கிழிந்து சீசனின் கடைசி இரண்டு மாதம் போனது. பந்தை இரும்பு போல அடிப்பார், அது நேராக ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகும், இவர் பாதி தூரம் ஓடுவதற்குள் இரண்டு பேர் அவுட். கையில் பலம் இருந்தது, கால் போய்விட்டது.

பெஞ்ச் பாலா

பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. வார்னா என்னன்னு யாராவது சொல்றீங்களா? மைனஸ் எப்படி வரும்?

ஸ்கோர்புக் செல்வி

பாலா, எல்லா டீமுக்கும் மைனர் லீகிலிருந்து சல்லிசான சம்பளத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த முடியும். அப்படிப்பட்ட சாதாரண ஆளோடு ஒப்பிட்டால் இந்த வீரர் எத்தனை வெற்றி கூட்டித் தந்தார் என்பதற்கான கணக்குதான் வார். பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் மூன்றும் அதில் சேரும். மைனஸ் என்றால் அந்தச் சாதாரண ஆளே ஆடியிருந்தால் மேல் என்று பொருள். முழு சீசன் ஆடும் சராசரி ஆளுக்கு 2 வரும். நல்ல நாளில் புஹோல்ஸுக்கு 8, 9 எல்லாம் வந்திருக்கிறது.

மேரினர் முருகு

2018 மே 4, சியாட்டில். மைக் லீக் போட்ட பந்தை வலப் பக்கம் தட்டிவிட்டு 3000-ஆவது ஹிட்டை எடுத்தார். நான் அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எதிரணி ஆள், எங்க பிட்சரை அடிச்சிருக்கார், ஆனாலும் எங்க ஸ்டேடியமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. எனக்கு வார் எல்லாம் கணக்குப் போடத் தெரியாது. என் பொண்ணு அன்னைக்குத்தான் முதல் தடவை ஸ்டேடியம் வந்தா. அது யாருப்பா, எல்லாரும் ஏன் நிக்கிறாங்கன்னு கேட்டா. வீடு வரைக்கும் காரில் அவர் கதையைத்தான் சொல்லிட்டு வந்தேன். டிராஃப்ட்ல (டீம்கள் புது வீரர்களை வரிசையா எடுக்கிற தேர்வுல) 13-ஆவது ரவுண்டுல, 402-ஆவது ஆளா எடுக்கப்பட்டவர்னு சொன்னதும் அவளால நம்பவே முடியல.

ஹேலோ ஹரி

முருகு சார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த 3000-க்காகத்தான் எங்க டீம் அவரை விடாம பிடிச்சு வெச்சிருந்துச்சோன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு உறுத்தல் இருக்கு.

2018-ல பிட்சிங், பேட்டிங் ரெண்டும் செய்யற ஓதானி வந்தார். அவர் பிட்சிங் போடாத நாளில் டிஎச்சாகத்தான் ஆட முடியும். புஹோல்ஸோட காலுக்கும் டிஎச்தான் சரி. ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர். என்ன செஞ்சாங்க? 38 வயசுக்காரரைத் திரும்ப ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்தினாங்க. அங்க ஆடிட்டிருந்த சி.ஜே. க்ரோனை டாம்பா பேவுக்கு அனுப்பிட்டாங்க. க்ரோன் அந்த வருஷமே அங்க 30 ஹோம் ரன் அடிச்சார். புஹோல்ஸ் 19.

இதைவிட வலிக்கிறது வேற ஒண்ணு. அவரை நாங்க எடுத்ததுக்கு ஈடா எங்க 2012 முதல் ரவுண்டு டிராஃப்ட் இடம் செயின்ட் லூயிஸுக்குப் போச்சு. அதுல அவங்க எடுத்தது மைக்கேல் வாகாவை. மறு வருஷமே அந்தப் பையன் என்எல்சிஎஸ் (நேஷனல் லீக் இறுதித் தொடர்) எம்விபி. கார்டினல்ஸ் வேர்ல்டு சீரிஸ் வரைக்கும் போனாங்க. எங்களுக்கு எந்தக் காலத்திலயும் பிட்சிங்தான் ஓட்டை. அந்த ஓட்டையை அடைச்சிருக்க வேண்டிய பையனையும் சேர்த்துக் கொடுத்துட்டோம்.

கார்டினல் கதிர்

இதுல நான் மனசு விட்டு ஒண்ணு சொல்லிடறேன். 2011 டிசம்பர்ல அவர் போறார்னு செய்தி வந்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. ஆறு வாரம் முன்னாடிதான் வேர்ல்டு சீரிஸ்ல ஒரே ஆட்டத்துல மூணு ஹோம் ரன் அடிச்சு, கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். அப்புறம் வருஷம் போகப் போக, நல்லவேளை அந்தக் காசை நாங்க கொடுக்கலைன்னு எனக்கே தோணுச்சு. அவர் இங்கேயே இருந்திருந்தா இன்னிக்கு ஹரி அண்ணன் எழுதறதை நான் எழுதிட்டிருப்பேன். அது நிஜம்.

ஆனா அதனால அவருக்கு மதிப்பு இல்லைன்னு ஆயிடுமா? 2022-ஐ எடுத்துக்கோங்க. 42 வயசு, சம்பளம் 25 லட்சம் டாலர்தான். ஜூலை நடுவுல பார்த்தா .215, ஆறே ஹோம் ரன். போதும் சாமி, மரியாதையா நிறுத்திக்கட்டும்னு நானே சொன்னேன். அப்புறம் ஹோம் ரன் டெர்பியில (யார் அதிக ஹோம் ரன் அடிக்கிறாங்கன்னு நடக்கிற போட்டியில) கைல் ஷ்வார்பரைத் தோற்கடிச்சார். அங்கிருந்து என்ன நடந்துச்சுன்னு எனக்கு விளங்கவே இல்ல. மிச்சம் இருந்த ஆட்டங்கள்ல 18 ஹோம் ரன். ஆகஸ்ட்ல கொலராடோவுக்கு எதிரா மாற்று பேட்டரா வந்து கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூணும் நிரம்பியிருக்கும்போது ஹோம் ரன்). செப்டம்பர் 23, டாட்ஜர் ஸ்டேடியம், ஒரே ராத்திரியில 699, 700. அடிச்சுட்டு ஓடி வந்து, முன் வரிசையில உட்கார்ந்திருந்த ஏட்ரியன் பெல்ட்ரே கையைத் தட்டிட்டுத்தான் டக்அவுட்டுக்கே போனார். டிவிஷன் பட்டம் எங்களுக்கு. முடிவுல .270, 24 ஹோம் ரன், ஓபிஎஸ் (ஆன்-பேஸும் ஸ்லக்கிங்கும் கூட்டினது) .895. கிழவர்னு இரக்கப்பட்டுக் கொடுத்த இடமா இது?

ஸ்கோர்புக் செல்வி

இரக்கம் இல்லை. சரியான உபயோகம். 2022-இல் அவர் ஆடியது 109 ஆட்டம். இடது கை பிட்சர் வரும் நாளில் கட்டாயம் ஆடுவார், மற்ற நாளில் யோசித்து இறக்குவார்கள். இடது கைக்கு எதிராக அவருடைய ஓபிஎஸ் 1.100-க்கு மேல். அதற்கு முந்தைய வருஷம் டாட்ஜர்ஸும் இதைத்தான் செய்தார்கள். ஏஞ்சல்ஸ் மே மாதம் வேண்டாம் என்று விட்டவர் அங்கே போய் 12 ஹோம் ரன் அடித்தார். கார்டினல்ஸ் ஆடும் என்எல்லில் (நேஷனல் லீகில்) டிஎச் நிரந்தரமாக வந்ததே 2022-இல்தான். அது இல்லாவிட்டால் கார்டினல்ஸ் அவரைக் கூப்பிட்டிருப்பதே சந்தேகம்.

அனாஹைமில் இந்த யோசனையைச் செயல்படுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. வருஷத்துக்கு 2.6 கோடி, 2.7 கோடி வாங்குபவரைப் பெஞ்சில் உட்காரவைத்தால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். அதனால் வலது கை, இடது கை பார்க்காமல் தினமும் லைனப்பின் நடுவில் எழுதினார்கள். அவரை வீணாக்கியதில் பெரும்பங்கு அந்தச் சம்பளத்துக்குத்தான்.

கார்டினல் கதிர்

700-ஆவதை அடிச்சது ஃபில் பிக்ஃபோர்டை. அவர் வலது கை பிட்சர்க்கா.

ஸ்கோர்புக் செல்வி

ஆமாம் தம்பி. அதற்கு முந்தையது ஆண்ட்ரூ ஹீனி, இடது கை. ஒரு ஆட்டத்தை வைத்து நானும் பேசவில்லை, நீங்களும் பேச வேண்டாம்.

ஹரி சாருக்கு ஒரு கேள்வி. "தின்னுடுச்சு" என்று மொத்தமாகச் சொல்வதைவிட வருஷம் வருஷமாகப் பார்க்கலாம். 2015-இல் நீங்கள் 85 வெற்றி, ஹூஸ்டன் 86. ஒரே ஒரு ஆட்டத்தில் வைல்டு கார்டு (டிவிஷனை வெல்லாத டீமுக்குக் கிடைக்கும் பிளேஆஃப் இடம்) போனது. அந்த வருஷம் புஹோல்ஸ் 40 ஹோம் ரன். அவர் இல்லாவிட்டால் அந்த ஒரு ஆட்டத் தூரம் இன்னும் நீண்டிருக்கும். 2018-இல் 80 வெற்றி, இரண்டாவது வைல்டு கார்டு வாங்கிய ஓக்லண்ட் 97. க்ரோன் இருந்து 30 அடித்திருந்தாலும் அந்தப் 17 ஆட்டத்தை நிரப்ப முடியாது. அதற்கடுத்த வருஷங்களும் அப்படியே.

புஹோல்ஸால் போனது என்று நான் ஒத்துக்கொள்ளக்கூடிய வருஷம் 2017 மட்டுமே. நீங்கள் 80, மினசோட்டா 85. அவர் மைனஸ் 2. அந்த இடத்தில் ஒரு சராசரி ஆள் ஆடியிருந்தால் நாலு வெற்றி வரை கூடியிருக்கலாம்.

கார்டினல் கதிர்

அதே 2017-ல ட்ரௌட் கட்டைவிரல் அடிபட்டு ஆறு வாரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தாரே. அதையும் கணக்குல சேர்க்கணும்.

ஸ்கோர்புக் செல்வி

சேர்த்தே ஆக வேண்டும், சரிதான். ட்ரௌட் முழுசாக ஆடியிருந்தால் புஹோல்ஸ் மைனஸில் இருந்தும்கூட இடம் கிடைத்திருக்கும் என்று வாதாடலாம்.

ஹேலோ ஹரி

செல்வி, 2015 கணக்கை ஒத்துக்கிறேன். அதை நான் மறந்தே போயிட்டேன். 40 அடிச்ச வருஷத்தையும் சேர்த்துத் திட்டினது என் தப்பு. ஆனா 2017-ஐ விட மாட்டேன். ட்ரௌட் இல்லாத ஆறு வாரத்துல ஒரு டீமைத் தாங்கத்தானே அத்தனை காசு கொடுத்தோம்?

இன்னொரு விஷயம் ரொம்ப நாளா மனசுல இருக்கு. 2019 ஜூன்ல எங்க ஜெர்சியில செயின்ட் லூயிஸுக்குப் போனார். ஒவ்வொரு தடவை பேட் பிடிக்க வரும்போதும் அந்த ஊர் எழுந்து நின்னுச்சு. அங்க ஒரு ஹோம் ரன்னும் அடிச்சார். எங்ககிட்ட இருந்து போனப்போ? 2021 மே 6, வியாழக்கிழமை, .198 அடிச்சிட்டிருந்தவரை விடுவிச்சாச்சுன்னு ஒரு செய்தி. வழியனுப்ப ஒரு ஆட்டம்கூட வைக்கல. கடைசியா ஒரு தடவை எழுந்து நின்னு கை தட்டணும்னு எனக்கும் இருந்துச்சு. பத்து வருஷம் அவரைத் திட்டினவன்தான் நான், ஆனாலும் இருந்துச்சு.

பெஞ்ச் பாலா

ஹரி அண்ணா, நீங்க நேர்ல பார்த்ததுல அவரோட பெஸ்ட் எது?

ஹேலோ ஹரி

2017 ஜூன் 3, 600-ஆவது ஹோம் ரன். பேஸ் மூணும் நிரம்பியிருந்துச்சு, போட்டவர் எங்க பழைய பிட்சர் எர்வின் சான்டானா. ட்ரௌட் அன்னைக்கு ஆடல, கட்டைவிரல்ல கட்டோட இருந்தார். பந்து லெஃப்ட் ஃபீல்டு பக்கம் போனதும் என் பையன் என் தோள்ல ஏறி நின்னுட்டான். ரெண்டு பேரும் 5-ஆம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தோம். எதிர்ல ஆடினது மினசோட்டா. செப்டம்பர்ல எங்க வைல்டு கார்டை வாங்கிட்டுப் போன அதே மினசோட்டா. அந்த ஜெர்சியை நான் இன்னும் தூக்கிப் போடல.