கூடலூர் ஜென்ம நிலச் சிக்கலின் வேர் எது?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். வயநாட்டோடு ஒட்டிக் கிடக்கும் கூடலூர் எப்படி நீலகிரியில் சேர்ந்தது? அங்கே பட்டாச் சிக்கல் இன்றுவரை தீராதது ஏன்?

மறுமொழி 1: கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-இல் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. 1956 மாநிலச் சீரமைப்பில் மலபார் கேரளத்துக்குப் போனபோதும் கூடலூர் சென்னை மாநிலத்திலேயே நின்றதற்கு அந்த நிர்வாகக் கோடே காரணம். ஆனால் கோடு மாறியதே தவிர, நிலத்தின் ஜென்ம உரிமை, அதாவது பரம்பரையான முழு நில உடைமை, மலபாரின் அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்திடமே இருந்தது. அதை ஒழித்து ரயத்துவாரி முறையை (உழவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தி நிலத்தை வைத்திருப்பது) கொண்டுவர 1969-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1974-இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையிலும் (சட்டங்களை நீதிமன்ற ஆய்விலிருந்து காக்கும் பட்டியல்) சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியது. ஒரு மலைத் தாலுகாவின் வழக்கு நாட்டின் அரசியலமைப்பு விளக்கத்தையே மாற்றியது என்பதை நம் மாவட்டத்திலேயே பலர் அறியாதது எனக்கு வருத்தம்.

மறுமொழி 2: கூடலூரை அடுத்த பந்தலூர்ப் பக்கம், அந்த 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய பிரிவு அது. எங்கள் தெருவில் வீட்டு வரி ரசீது இருந்தும், பட்டா இல்லை என்று மின் இணைப்பு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள்.

மறுமொழி 3: குடியேறியவர்களின் துயரம் உண்மையே. எனினும் கோவிலகத்துக்கும் தோட்டங்களுக்கும் முன்பிருந்தே இக்காட்டில் வாழ்ந்த பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் ஆகியோரின் உரிமையை 2006 வன உரிமைச் சட்டத்தின்படி முதலில் அளந்து கொடுக்க வேண்டும்.